சாய்ந்து நீந்தும் மீன்

மேட்டு பங்களா, ஏலமலை
1913 ஜூன் 14

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ஜெயபாக்கியம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், சாராள் அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

துரையும் துரைசானியும் ஏப்ரல் கடைசியில் சீமைக்குக் கப்பலேறிவிட்டார்கள். ஜனவரியில்தான் திரும்புவார்கள். அதுவரை இந்தப் பெரிய பங்களாவில் நாங்கள் இரண்டு பேர்தான். போவதற்கு ஒரு வாரம் முன்னால் மேலே ஊற்றிலிருந்து சமையலறை வரைக்கும் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். குடம் சுமக்கும் சோலி எனக்கு ஒழிந்தது. திருகினால் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்து விழுகிறது.

இப்போது எழுத வந்த சங்கதி வேறு. துரைசானி ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறாள். கொச்சிக் காயலிலிருந்து மண்பானையில் வைத்துக் கொண்டுவந்தது. மலையாளத்து ஆட்கள் பள்ளத்தி என்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், மஞ்சள் நிறம், விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. மொத்தம் ஏழு. "வரும்போது ஏழும் இருக்க வேண்டும்" என்று அவள் விரலை நீட்டி இவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். இவருக்கு முன்னால் இருந்த பட்லரை ஒரு நாய் செத்ததற்காக அனுப்பிவிட்டார்களாம்.

அந்த ஏழில் ஒன்று பத்து நாளாக ஒரு மாதிரி நீந்துகிறது. தலை கீழே, வால் மேலே நிற்கிறது. தட்டினால் வட்டம் வட்டமாகச் சுற்றிவிட்டு மறுபடி அப்படியே நிற்கிறது. நேற்றிலிருந்து இன்னொன்று ஒருக்களித்துச் சாய்ந்து நீந்துகிறது. நீங்கள் வைத்தியசாலையில் கம்பவுண்டராக இருக்கிறவர். மீனுக்கும் ஏதாவது தெரியாமலா இருக்கும்? யோசித்து எழுதுங்கள்.

இவருக்கு அவ்வப்போது வயிற்றில் முறுக்கிப் பிடிக்கிறது. இஞ்சிச் சாறு கொடுக்கிறேன். எனக்கு மீன்தொட்டி வாடை மட்டும் இப்போது ஆகவில்லை. வேறொன்றும் இல்லை.

தங்கை,
ஜெயபாக்கியம்


போடிநாயக்கனூர்
1913 ஜூன் 25

பிரியமுள்ள தங்கச்சிக்கு அண்ணன் பிச்சைமணி. நாங்கள் சுகம். உன் அண்ணியின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "மனுஷனுக்கு மருந்து கலக்கவே ஒங்களுக்கு நேரமில்ல, இதுல மீனுக்கு வேறயா" என்று சிரித்தாள்.

மீனுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. கழுவும்போது வெள்ளையாக ஊதிக்கொண்டு வருமே, அதுதான். அதன் தயவில்தான் மீன் நிமிர்ந்து நிற்கிறது. தீனி அதிகமாகி வயிறு உப்பினால் அந்தப் பை நசுங்கி மீன் தடுமாறும். நீ இரக்கப்பட்டுச் சோறு நிறையப் போடுகிறாய் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் பட்டினி போடு. பிறகு கொசுப்புழு மட்டும் கொடு. ஏதாவது ஒன்று செத்தால் தூர எறியாதே. அறுத்துப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று எழுது. சின்ன வயதில் நீ எத்தனை ஓணானை அறுத்திருக்கிறாய், பயப்பட மாட்டாய்.

மாப்பிள்ளைக்குக் காரம் குறைத்துக் கொடு.

உன் அண்ணன்,
பிச்சைமணி


மேட்டு பங்களா
1913 ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்குத் தோத்திரம். சுகமாக இருக்கிறோம். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பட்டினி போட்டேன். குணமில்லை. தலைகீழாக நின்ற மீன் போன செவ்வாய்க்கிழமை செத்துவிட்டது. அடுப்படியில் வைத்து அறுத்தேன். குடலில் ஒன்றுமில்லை, புழுவும் இல்லை. நீங்கள் சொன்ன பை முழுசாக, கொஞ்சமும் நசுங்காமல் இருந்தது. ஆனால் இரண்டு விஷயம் பார்த்தேன். முதுகெலும்பு வில் மாதிரி வளைந்திருந்தது. உடம்பின் பின்பாதி, வால் வரைக்கும், கரி பூசின மாதிரி கறுத்திருந்தது. புண் இல்லை, அழுகல் இல்லை, சும்மா கறுப்பு. இப்போது தொட்டியில் இருக்கிற ஆறில் மூன்றுக்கு வால் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. சாய்ந்து நீந்துவது அந்த மூன்றுதான்.

ஏலக்காட்டில் வேலை செய்கிற வேலுத்தாய், சிலமலைக்காரி, மதியச் சோற்றுக்கு இங்கே வந்து உட்காருவாள். தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஆத்தா, இதுக கிறுக்குப் பிடிச்சு ஆடுதுக. என்னமோ தின்னுருக்குக" என்றாள். நான் போட்டதைத் தவிர அவை என்ன தின்றிருக்கும்?

இவர் நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. வலி வந்தால் சுருண்டு படுத்துவிடுகிறார். விளக்கெண்ணெய் கொடுத்தேன். எனக்கு ஒன்றுமில்லை.

ஜெயபாக்கியம்


போடிநாயக்கனூர்
1913 ஜூலை 20

பிரியமுள்ள தங்கச்சிக்கு ஆசீர்வாதம். இங்கே வெயில் தாங்கவில்லை. உங்கள் குளிரில் கொஞ்சம் பொதிமாட்டில் ஏற்றி அனுப்பினால் நல்லது.

நீ அறுத்துப் பார்த்து எழுதியதை எங்கள் டாக்டர் பார்த்திருந்தால் உன்னையே உதவிக்கு வைத்துக்கொள்வார். காற்றுப்பை பற்றி நான் நினைத்தது தப்பு. இப்போது குளிர்தான் காரணம் என்று தோன்றுகிறது. காயல் மீன் சூட்டிலும் உப்பிலும் பிறந்தது. அதை மேகம் வந்து படுக்கிற மலையில் வைத்தால் நரம்பு விறைக்காதா? தொட்டியில் ஒரு கை கல்லுப்பைக் கரைத்து விடு. பகலில் வெயில் படுகிற ஜன்னலோரம் வை. இரண்டு மீனை மட்டும் பிரித்து மண்பானையில் விட்டு அடுப்பு மூலையில் வைத்துப் பார். எது தேறுகிறதென்று தெரியும். எதற்கும் தொட்டித் தண்ணீரில் ஒரு பாட்டில் எனக்கு அனுப்பு. இங்கே பார்க்கச் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு வயிறு இளக நிலாவாரைப் பொடி வைத்திருக்கிறேன். உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வரிக்கு மேல் எழுதுவதே இல்லை என்று அண்ணி குறைப்படுகிறாள்.

பிச்சைமணி


மேட்டு பங்களா
1913 ஆகஸ்டு 11

அன்புள்ள அண்ணனுக்கு. நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உப்பு போட்டேன், வெயிலில் வைத்தேன். தொட்டியில் இருக்கிற நாலும் இன்னும் மோசம். ஒன்று மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டே மிதக்கிறது. ஆனால் மண்பானையில் விட்ட இரண்டும் தேறிவிட்டன அண்ணே! சாய்ந்து கிடந்த மீன் நிமிர்ந்துவிட்டது. விரலை வைத்தால் துரத்திக்கொண்டு வருகிறது. அடுப்புச் சூட்டினால் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. பானையைக் கழுவ ஓடைக்குக் கொண்டுபோன வேலுத்தாய் அங்கேயே தண்ணீர் மொண்டு வந்தாள். தொட்டிக்கு நான் ஊற்றுவது குழாய்த் தண்ணீர். ஆனாலும் இரண்டும் ஒரே மலைத் தண்ணீர்தானே, அதில் என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது? குழாய்த் தண்ணீர்தான் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.

நீங்கள் கேட்ட பாட்டிலைப் பொதிமாடு ஓட்டுகிற அழகுமலையிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வெரசா பார்த்து எழுதுங்கள். இவர் பிடித்த பீங்கான் தட்டு நேற்றுத் தானாக நழுவி விழுந்து உடைந்தது. மணிக்கட்டில் பலம் இல்லை என்கிறார். நான் வெளுத்துப்போய்விட்டேன் என்று வேலுத்தாய் சொல்கிறாள். இந்த மலையில் வெயில் ஏது, எல்லோரும் வெளுப்புத்தான்.

ஜெயபாக்கியம்


மேட்டு பங்களா
1913 செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கு. சுகமா? ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பாட்டிலை உங்கள் கையிலேயே கொடுத்ததாக அழகுமலை சத்தியம் பண்ணுகிறான்.

தொட்டியில் இரண்டு செத்துவிட்டன. பானையில் உள்ள இரண்டும் நன்றாக இருக்கின்றன. இவரால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. துரை வந்து பார்த்தால் என்ன சொல்வாரோ என்று அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணே, தண்ணீரில் ஏதாவது இருந்ததா? மீனுக்காக மட்டும் கேட்கவில்லை. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பதில் எழுதுங்கள்.

ஜெயபாக்கியம்


போடிநாயக்கனூர்
1913 அக்டோபர் 7

தங்கச்சி,

இதை வாசித்த நிமிஷமே அந்தக் குழாயை அடைத்துவிடு. அந்தத் தண்ணீரை நீயும் மாப்பிள்ளையும் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. சமைக்கக் கூடாது. ஓடையிலிருந்து மட்டும் எடுங்கள்.

ஆகஸ்டு கடைசியிலிருந்து தேவாரம் ஊர்ப் பக்கம் வாந்திபேதி. என்னை அங்கே கூடாரத்தில் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். முந்தாநாள்தான் திரும்பினேன். உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்து வாசித்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். வால் கறுப்பு, முதுகு வளைவு, பானை மீன் தேறியது, மாப்பிள்ளையின் வயிறு, கை, எல்லாம் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "குழாய் எதுல செஞ்சதுய்யா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உன் பாட்டில் தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றமடிக்கிற ஒரு மருந்தைச் சொட்டு விட்டார். தண்ணீர் டீ மாதிரி பழுப்பாகிவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. ஈயம், தங்கச்சி. ஈயக் குழாய். மழையாகப் பெய்து நேரே வருகிற மலைத் தண்ணீர் ஈயத்தை அரித்துக் கரைத்துக்கொண்டு வருமாம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. மீன் அதிலேயே மூச்சு விடுவதால் அதற்கு முதலில் காட்டிவிட்டது. ஏலக்காட்டு ஆட்கள் ஓடையில் குடிப்பதால் தப்பித்தார்கள்.

மாப்பிள்ளையின் ஈறைப் பார். பல்லோரமாக நீலக் கோடு இருந்தால் சந்தேகமே இல்லை. தண்ணீரை நிறுத்தினால் கை மெல்ல மெல்லத் திரும்பும் என்கிறார்.

கர்ப்பிணிகளுக்கு இது ஆகவே ஆகாதாம். "ஒந் தங்கச்சி முழுகாம இருக்காளாய்யா?" என்று கேட்டார். "இல்லைங்க, இருந்தா எழுதியிருப்பா" என்றேன். அந்த மட்டும் ஆண்டவர் காப்பாற்றினார்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அழகுமலை நாளைக்கு ஏறுகிறான். அவனிடமே கொடுக்கிறேன்.

பிச்சைமணி


மேட்டு பங்களா
1913 நவம்பர் 3

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்குத் தங்கபாண்டியன் வணக்கம். வலது கை எழுத வரவில்லை. இடது கையால் எழுதுகிறேன். எழுத்தை மன்னிக்கவும்.

மலைப்பாதை மூன்று இடத்தில் சரிந்து கிடந்தது. தங்கள் கடிதம் முந்தாநாள்தான் கிடைத்தது. குழாயை அடைத்துவிட்டோம். என் ஈறில் நீலக் கோடு இருக்கிறது. அவளுக்கும் இருக்கிறது.

ஜெயபாக்கியத்துக்கு ஏழு மாதமாகியிருந்தது. தங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அக்டோபர் 20 ஆம் தேதி பிரசவமாகிவிட்டது. பெண். பிறக்கும்போதே உயிரில்லை. வேலுத்தாய்தான் கூட இருந்து எல்லாம் பார்த்தாள். பங்களாவுக்குப் பின்னால் அடக்கம் செய்தோம். அவள் எழுந்து நடமாடுகிறாள். சாப்பிடுகிறாள். பேச்சுத்தான் இல்லை.

தங்கள்,
தங்கபாண்டியன்


போடிநாயக்கனூர்
1913 நவம்பர் 24

என் தங்கச்சிக்கு,

உன் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு இறங்கி வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று நாளும் நீ எனக்கு வடித்துப் போட்டாய். அங்கே மிச்சமிருந்த நாலு மீனையும் காட்டினாய். "இதுதான் மொதல்ல நிமிந்துச்சு அண்ணே" என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினாய். நானும் குனிந்து பார்த்தேன். குழந்தையைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். நீ அழகுமலையிடம் அண்ணிக்கு ஏலக்காய் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

வாந்திபேதிக்குப் போனதால் பாட்டிலைப் பார்க்க முடியவில்லை என்பது போல எழுதினேன். அது முழு உண்மை இல்லை. பாட்டில் ஆகஸ்டு 14 இல் என் கைக்கு வந்தது. தேவாரத்துக்கு நான் போனது 29 இல். நடுவில் பதினைந்து நாள் அது மருந்து அலமாரியில் நின்றது. தினமும் அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பக்கத்துப் புட்டியை எடுத்தேன். டாக்டர் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். மீன் தண்ணீரைக் கொண்டுபோய்க் காட்டினால் சிரிப்பாரே என்று வெட்கமாக இருந்தது. வேறு காரணமே இல்லை. அன்றைக்கே கொடுத்திருந்தால் பாதை சரிவதற்கு முன்னால் உனக்குக் கடிதம் வந்திருக்கும். இரண்டு மாதம், தங்கச்சி.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து, "அவகிட்டயும் சொல்லிருங்க. அவளுக்குத் தெரியணும்" என்றாள்.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை. திட்ட வேண்டுமானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

பிச்சைமணி


மேட்டு பங்களா
1914 ஜனவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு ஜெயபாக்கியம் எழுதுவது. இவருக்குக் கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, கரண்டி பிடிக்கிறார். எனக்கும் தெம்பு வந்திருக்கிறது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. உங்கள் மேல் கோபமாக இருந்தேன், அதனால்தான் எழுதவில்லை. அந்த அலமாரியை எனக்குத் தெரியும். அதில் என் பாட்டில் நிற்பது கண்ணிலேயே நின்றது. இப்போது கோபம் இல்லை என்று சொன்னால் பொய். குறைந்திருக்கிறது. எழுத முடிகிற அளவுக்குக் குறைந்திருக்கிறது.

துரையும் துரைசானியும் வந்துவிட்டார்கள். நாலு மீனைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. இவர் நடந்ததைச் சொன்னார். துரை நாற்காலியை விட்டு எழுந்து போய்க் குழாயை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். தட்டு ஏந்த முடியாதவரைப் பட்லராக வைக்க முடியாதாம். ஏலக்காய்க் கிடங்குக்குக் காவலாக இருக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளையை அடக்கம் செய்த இடத்துக்குத் துரைசானி என்னோடு வந்தாள். என் தோளில் கை வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள்.

நான் ஏன் சொல்லவில்லை என்றால், முன்னால் இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்திலேயே உங்களுக்கு எழுதினேன். இரண்டு தடவையும் அண்ணி சட்டை தைத்து அனுப்பினாள். இரண்டு தடவையும் அதைத் திருப்பிக் கொடுத்தேன். இந்தத் தடவை எட்டாம் மாதம் தொடங்கிய பிறகு சொல்வோம் என்று இவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். என் வயிறும் வலித்தது அண்ணே. இவருக்கு வலித்த மாதிரியே வலித்தது. அதையும் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் எல்லாவற்றையும் கேட்பீர்கள் என்று பயம். உங்கள் டாக்டரிடம் நீங்கள் "இருந்தா எழுதியிருப்பா" என்று சொன்னீர்களே, அந்த வரியை நான் வாசித்தபோது பால் கட்டிக் கிடந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பிறக்கும்போதே உயிரில்லை என்று இவர் எழுதியது பொய். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். எல்லோரும் வந்து கேட்பார்கள், என்னால் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

காலையில் ஏழு மணிக்குப் பிறந்தாள். கைக்குள் அடங்கினாள். ஒரே ஒரு தடவை அழுதாள், பூனைக்குட்டி மாதிரி. வேலுத்தாய் அவளைப் பஞ்சில் பொதிந்து தன் மாரோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "ஆத்தா, இங்க பாரு, கண்ணைத் தெறக்குறா. ஒன்னயத்தான் தேடுறா" என்றாள். என்னிடம் கொடுத்தாள். அவள் என்னைப் பார்த்தாள். மதியம் வரை என் விரலைப் பிடித்திருந்தாள். பிடி இருந்தது, நான் இழுத்துப் பார்த்தேன். மழை பெய்துகொண்டே இருந்தது. போதகரைக் கூட்டிவர வழியில்லை. இவரே ஞானஸ்நானம் கொடுத்தார். கை நிற்கவில்லை, நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் சமையலறைக் குழாயில் பிடித்ததுதான். எங்களுக்கு அப்போது தெரியாது. விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குப் போய்விட்டாள்.

அம்மாவின் பெயரை வைத்தோம்.

நம் வீட்டு வேதப் புத்தகத்தின் முதல் தாளில் உங்கள் பெயரையும் என் பெயரையும் அப்பா எழுதியிருக்கிறார் அல்லவா. அதற்குக் கீழே உங்கள் கையால் எழுதுங்கள். அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மரகதம், தங்கபாண்டியன் ஜெயபாக்கியம் மகள், 1913 அக்டோபர் 20. செத்துப் பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பகல் முழுக்க இருந்தாள்.

தங்கை,
ஜெயபாக்கியம்